நடுவில் அது யார் வீடு

கரமனையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று என் மகள் சுப்ரியா ஒரு கேள்வி கேட்டாள். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. சாமான்கள் டெம்போவில் ஏறிவிட்டன. சுவாமி படங்களை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி லலிதாம்பாள் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவைப் பூட்டினேன். குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெற்று அறையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நாம போயாச்சு. அடுத்தவா இன்னும் வரலை. நடுவுல இது யார் வீடு?"

வீட்டுக்காரர் வீடு என்றேன்.

"அவர்தான் இங்க இல்லையே" என்றாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல். வயதில் நீங்கள் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பீர்கள். விசாரணை செய்கிறவர்கள் குரலை உயர்த்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தீர்கள். இந்த மாதிரிச் சின்ன நல்ல காரியங்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. உலகம் அவற்றால்தான் நிற்கிறது.

என் பெயர் நாகேஸ்வரன். வலியசாலை அக்கிரகாரத்தில் வீடு. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. திரையில் படம் வரைகிற சில்லு ஒன்று இருக்கிறது அல்லவா, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எங்கள் குழு எழுதுகிறது. நான் அதிகம் எழுதுவதில்லை. பிறர் எழுதிய மாற்றங்களைப் படித்து, சரி என்றால் சரி என்று சொல்வது என் வேலை. ரிவ்யூ என்பார்கள். அதிலும் மெமரி சம்பந்தப்பட்ட எதுவும் என் கண்ணில் படாமல் உள்ளே போகாது.

உங்களுக்குப் புரியும்படி சொன்னால் அதுவும் வாடகை வீட்டுச் சமாசாரம்தான். ஒரு படம் மெமரியில் வந்து குடியிருக்கும். வேலை முடிந்ததும் காலி செய்யும். அந்த இடத்தை அடுத்த படத்துக்குக் கொடுப்போம். அதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். சில்லு உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அது வெளியே வந்ததற்கு அடையாளம் கிடைக்கும்வரை சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்த அடையாளத்துக்கு ஃபென்ஸ் என்று பெயர், வேலி. இரண்டாவது, இடத்தைத் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். துடைக்காவிட்டால் பழைய ஆள் விட்டுப்போனது அங்கேயே கிடக்கும். காலி செய்தார்கள் என்பதற்காகச் சுவர்க் கிறுக்கல் தானாக அழிந்துவிடாது.

நான் விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போய் நிர்மால்யம் தொழுகிறவன். நேற்றுச் சாத்திய மாலையோடு சுவாமி இருப்பார். அதைக் களைவதற்கு முன்னால் பார்ப்பது புண்ணியம். கோயிலில் நேற்றைய பூ புண்ணியம், மெமரியில் நேற்றைய படம் பாவம் என்று குழுவில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன். சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

காத்திருப்பதும் துடைப்பதும் நேரம் எடுக்கும். படம் வேகமாக வரவேண்டும் என்றால் எவனாவது இந்த இரண்டில் ஒன்றில் கை வைப்பான். அவனைத் தடுப்பதற்காக என்னை வைத்திருந்தார்கள். ஆபீசில் எனக்கு அரிப்ப என்று பெயர். மாவு சலிக்கிற சல்லடையை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

சுப்ரியா படித்து முடித்து எங்கள் குழுவிலேயே சேர்ந்தாள். அவளுக்குத் தலைவன் ஹரிகுமார். கரமனைப் பையன், அவன் முன்னோர்கள் நாஞ்சில்நாட்டிலிருந்து வந்தவர்கள். கெட்டிக்காரன். என்னைவிட மிகவும் சிறியவன், ஆனால் எனக்கும் அவன்தான் தலைவன். ஒரு மாற்றத்தை அனுப்புவதற்கு முன்னால் அதை ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்ப்பான். படிக்கும்போது ஸ்தோத்திரம் சொல்கிறவன்போல அவன் உதடு அசையும். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"அரிப்பயில சிக்காம கடக்கணும் இல்லையா சாரே" என்று சிரித்தான்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்துகாட்ட வேண்டிய வாரம். படம் மெதுவாக வருகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காத்திருப்பு ஒன்றை எடுத்துவிடும்படி ஹரிகுமார் சுப்ரியாவிடம் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். இந்த ஒரு தடவை போதும், பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றான். நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன். அவள் எடுத்தாள். செய்துகாட்டுவதற்கு மட்டும் என்பதால் அது ரிவ்யூவுக்கு வரவில்லை. கம்பெனிக்காரர்கள் கண்முன்னால் திரை உறைந்து நின்றது.

அதன்பின் கூட்டம் நடந்தது. கூட்ட அறையில் ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. குளிர் நேராகத் தலையில் இறங்கும் என்பதால் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். சுப்ரியா கடைசியாக வந்ததால் அவளுக்கு அதுதான் கிடைத்தது. பெரியவர்கள் காரணம் கேட்டார்கள். தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று ஹரிகுமார் சொன்னான். அவள் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். துப்பட்டாவால் தோளை மூடிக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவளை அனுப்பிவிட்டார்கள்.

ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்கோ" என்பாள்.

நான் கோபக்காரன் அல்ல. யாரையும் அடித்ததில்லை, சபித்ததில்லை. ஆனால் ஹரிகுமார் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. தினமும் நிர்மால்யம் தொழும்போது அதைத்தான் கேட்டேன்.

கடுமை காட்டி யாரையும் கெடுக்க முடியாது. கடுமை ஆளைச் சீராக்கிவிடும். அவன் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததே என் கடுமையால்தான். ஆகவே அவனிடம் அன்பாக இருக்க ஆரம்பித்தேன். அவன் அனுப்பிய மாற்றங்களில் முதலில் சின்னக் குறைகளைச் சொல்லாமல் விட்டேன். அவற்றை நானே ஓசைப்படாமல் திருத்தினேன். 'அழகாக வந்திருக்கிறது', 'ஹரியின் கை' என்று எழுதினேன். மற்றவர்கள் முன்னால் பாராட்டினேன். அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றபோது எனக்குத் தெரிந்த வைத்தியரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். மதியத்துக்கு வீட்டிலிருந்து எலுமிச்சை சேவை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

லலிதாம்பாளுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன்னா, நம்ம பொண்ணு வாயில மண்ணைப் போட்டவனுக்கு நான் சேவை பிழிஞ்சு தரணுமாக்கும்?" என்றாள்.

"பகைவனுக்கும் பசிக்கும்" என்றேன். நான் அப்படிச் சொன்னதை அவள் தெரு முழுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமி என்னை ஒரு மகானைப்போலப் பார்த்தாள்.

ஒருநாள் அவன் ஒரு மாற்றத்தை எழுதி முடித்தான், டீயை ஒரு வாய் குடித்தான், பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டான். உதடு அசையவில்லை. எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை நம்பத் தொடங்கிவிட்டான் என்பது அப்போது எனக்கு உறுதியாயிற்று. அன்று மாலை கிழக்கேகோட்டையில் இறங்கி, பத்மநாப சுவாமியைத் தொழுதுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, கேன்டீனில் அவன் சேவையைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

"சாரே, ஒரு காரியம் பறயணும். சுப்ரியா காரியமாக்கும்."

"சொல்லு."

"அன்னைக்கு மீட்டிங்கில நான் சொன்னது பொய். வெயிட்டை எடுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். எல்லாரும் நோக்கினப்ப பேடிச்சுப்போனேன் சாரே. அவளுக்கு எழுதி மாப்பு கேட்டாச்சு. மேல உள்ளவங்களுக்கும் எழுதிக் கொடுக்கப்போறேன். என் ஜோலி போனா போட்டும்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு அல்ல. அழுகையை எனக்கு அடையாளம் தெரியும்.

"அதெல்லாம் கழிஞ்ச கதை ஹரி" என்றேன். "அவளும் வேற ஊர்ல நன்னா இருக்கா. இப்போ எழுதிக் கொடுத்தா உன் பேரும் போகும், அவ பேரையும் திரும்ப எல்லாரும் சொல்லுவா. உன் அம்மாவை நினைச்சுக்கோ. சேவை ஆறிடும், சாப்பிடு."

"சார் மனுஷனே இல்ல, தெய்வம்" என்றான். சாப்பிட்டான்.

ஏன் தடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அவனாக எழுதிக் கொடுத்தால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் பார்க்க விரும்பியது அதை அல்ல.

மறுநாள், நீங்கள் விசாரிக்கிற அந்த மாற்றம் வந்தது. ஃபென்ஸுக்காகக் காத்து நிற்கிற இடத்தை அவன் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தான். இடத்தை முதலில் கைமாற்றிவிட்டு, துடைப்பதைப் பின்னணியில் மெதுவாகச் செய்வதுபோல் எழுதியிருந்தான். படம் பிரமாதமான வேகத்தில் வந்தது. அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றான்.

"சாரே, எனக்கென்னமோ ஒரு சம்சயம். ரெண்டு படம் அடுத்தடுத்து வேகமா வந்தா பழசு தெரியுமோன்னு. சார் ஒண்ணு நல்லா நோக்கணும். சார் கண்டாச்சுன்னா எனக்கு சமாதானம்."

நான் அதை அதற்குள் படித்திருந்தேன். எந்த வரி என்றும் தெரியும். ஒருவருடைய படம் முடிந்த கையோடு இன்னொருவருடைய படத்தை எடுத்து, உடனே அதை அசையாமல் நிறுத்திச் சேமித்தால், சில வேளைகளில் முந்தியவருடைய படமே சேமிப்பாகும். மேலே புதிய பெயர் இருக்கும், உள்ளே பழைய படம் இருக்கும்.

"பார்த்தாச்சு, நன்னா இருக்கு" என்றேன்.

அவன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். நான் ஒப்புதல் கொடுத்தேன். சோதனைகளில் அது அகப்படவில்லை. அகப்படாது என்று எனக்குத் தெரியும், அந்தச் சோதனைகளில் பாதி நான் எழுதியவை.

எங்கள் சில்லு எந்தெந்த இயந்திரத்துக்குள் போகிறது என்று எனக்குத் தெரியுமா என்று சற்று முன்னால் கேட்டீர்கள். வண்டிகளில் போகிறது. கடைகளில் விலை காட்டும் திரைகளில் போகிறது. மருத்துவமனை ஸ்கேன் இயந்திரங்களிலும் போகிறது. தெரியும்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள நினைக்கலாம். அப்படி அல்ல. வேலி மேயவில்லை. கொஞ்சம் விலகி நின்றது.

முதல் புகார் மாநில எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள சின்ன மருத்துவமனையிலிருந்து வந்தது. பூதலிங்கம் என்று ஒருவர், ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவர். படத்தை நிறுத்தும்போது முந்தின ஆளின் படம் ஒருமுறை நின்றது என்று எழுதியிருந்தார். மெமரி புகார்கள் முதலில் என்னிடம் வரும். அதை ஹரிகுமாரிடம் கொடுத்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்திருப்பான். மன்னிப்புக் கேட்டிருப்பான். எல்லோரும் அவன் நேர்மையைப் பாராட்டியிருப்பார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு யாரும் கூட்டம் போட மாட்டார்கள்.

ஆகவே இயந்திரத்தை அணைத்துப் போடுங்கள், கேபிளைச் சரிபாருங்கள் என்று பூதலிங்கத்துக்குப் பதில் எழுதிப் புகாரை முடித்தேன். அவர் நன்றி சொல்லி எழுதினார். மரியாதையான மனிதர்.

அதே அறைக்கு அந்தப் பெண் போனது அதற்குப் பிறகு. ஜெபமலர். தையல் கடையில் வேலை பார்த்தவள். வயிற்று வலி, நாள் தள்ளிப் போயிருந்தது. கூட்டம் அதிகமாக இருந்ததால் பூதலிங்கம் ஒருவர் பின் ஒருவராக வேகமாக எடுத்திருக்கிறார். அங்கே படத்தைப் படிக்க டாக்டர் இல்லை. நிறுத்திய படங்களை நகரத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து ஒருவர் பார்த்து எழுதுவார். அவர் பார்த்தது ஜெபமலருக்கு முன்னால் படுத்திருந்த பெண்ணின் வயிறு. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினார். அது உண்மைதான், முந்தின பெண்ணுக்கு.

ஜெபமலர் வீட்டுக்குப் போய்ச் சமைத்திருக்கிறாள். கரு குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடித்து, ஆட்டோவில் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று. கணவன் இருக்கிறான். ஒரு பெண் குழந்தை இருக்கிறது, வருகிற மழைக்காலத்தில் பள்ளி திறக்கும்போது சேர வேண்டிய வயது. இவ்வளவும் அறிக்கையில் இருந்தது. நான் நிதானமாகப் படித்தேன்.

பிறகு கூட்டம் போட்டார்கள்.

நான் முன்னாலேயே போய் ஒரு நாற்காலி தவிர மற்றவற்றில் ஆட்கள் உட்காரும்படி பார்த்துக்கொண்டேன். ஹரிகுமார் கடைசியாக வந்து ஏசிக்குக் கீழே உட்கார்ந்தான். அவன் முகம் சாம்பலாக இருந்தது. ரிவ்யூ செய்தவர் பொறுப்பு என்ன என்று ஒருவர் கேட்டபோது அவன் தலையைத் தூக்கினான்.

"எழுதினது நானாக்கும். சாரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அவசரப்படுத்தினேன். அவருக்கு நோக்க நேரம் கொடுக்கல."

அது பொய். அவன் எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தான், நன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும் செய்தான். அந்த அறையில் அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் பார்வை மேசையைச் சுற்றி வந்து என்னிடம் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவனை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். கரமனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள். சேவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் சுப்ரியாவுக்கு நானே போன் செய்தேன். நீ உட்கார்ந்த இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"ஹரி எனக்கு எப்பவோ எழுதியாச்சுப்பா. நானும் சரின்னு பதில் போட்டாச்சு. நான் அன்னிக்கு எல்லார் மூஞ்சியையும் பார்த்துண்டு வந்தேனே, அவரைத் தேடிண்டு இல்லை. உங்க மூஞ்சியைத் தேடிண்டுதான் வந்தேன்."

எப்போதும் அவசரப்பட்டுப் பேசுகிற சுபாவம் அவளுக்கு. ஆறினால் புரிந்துகொள்வாள்.

உங்கள் விசாரணையில் என்மேல் பழி எதுவும் வரவில்லை என்று தெரியும். நானாகத்தான் வந்திருக்கிறேன். காரணம் ஒன்றே. ஹரிகுமார் இதைத் தன் கைப்பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண்ணுக்காக அழுகிறான். அது எனக்குப் போதவில்லை. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று தெரியாத தண்டனை, தண்டனை ஆகாது. சேவை டப்பாவைத் திறந்த ஒவ்வொரு நாளும் அவனுக்கு நினைவுக்கு வர வேண்டும். இது நான் கொடுத்தது, சுப்ரியாவுக்காகக் கொடுத்தது என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொன்னால் நம்புவான்.

ஜெபமலர் விஷயத்தில் என் மனம் சுத்தமாக இருக்கிறது. அவள்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனாலும் கடன் கடன்தான், நான் அதை வைத்துக்கொள்கிறவன் அல்ல. சாலைக்கடைத்தெருவில் குழந்தைகள் போடுகிற மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். மஞ்சள் நிறம். அளவு தெரியாது; சுப்ரியா அந்த வயதில் என் இடுப்புக்கு இருந்தாள், அதை வைத்து எடுத்தேன். எல்லைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். அறிக்கையில் விலாசம் இருந்ததால் தெருவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை.

வீடு பூட்டியிருந்தது. கதவில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. கணவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான்போலிருக்கிறது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். சாமான் ஒன்றும் இல்லை. சுவரின் அடியில், ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில், சிவப்பு வண்ண மெழுகுக்குச்சியால் ஏதோ கிறுக்கியிருந்தது. தையல் இயந்திரமாக இருக்கலாம். யாரும் துடைக்கவில்லை.

மழை தூற ஆரம்பித்திருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. உறையிலிருந்து கோட்டை எடுத்து, மடிப்பை நீவி, கதவின் தாழ்ப்பாளில் மாட்டினேன். பெயர் எழுதி வைக்கவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது. அந்தக் குழந்தைக்குப் பட்ட கடன் அதோடு தீர்ந்தது.